மாதமும் அளவும்: சூல்கால மூலிகை மருந்துப் பாதுகாப்பும் சிவகாசி வட்டாரமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சூலுற்ற பெண்கள் மூலிகை மருந்துகளைப் பாதுகாப்பாகக் கையாளுதல் என்பது இன்று பெரும்பாலும் 'எந்த மூலிகை நல்லது, எது தீயது' என்னும் பட்டியலாகவே பேசப்படுகிறது. தமிழ் மருத்துவ மரபு பாதுகாப்பைப் பொருளின்மேல் மட்டும் ஏற்றவில்லை. மாதத்தின்மேலும் அளவின்மேலும் ஏற்றியது. அவ்வறிவைச் சுமந்தவர் மருத்துவச்சி. அவருடைய இடத்தைக் கடைச்சரக்கும் பொதியும் லேபிளும் பிடித்தபோது சரக்கு கைமாறியது; மாதக் கணக்கு அதனுடன் வரவில்லை. காலனியச் சட்டம், விடுதலைக்குப் பிந்தைய மருந்துச் சட்டங்கள், அரசின் மகப்பேறு சஞ்சீவித் திட்டம் ஆகியவற்றின் வழியாக இவ்விடப்பெயர்வை இக்கட்டுரை ஆராய்கிறது. பெண்தொழிலாளர் மிகுந்த சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் வட்டாரம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சித்த மருத்துவம், சூல்மகளிர், மருத்துவச்சி, மருந்துச் சட்டம், சிவகாசி, மகப்பேறு சஞ்சீவி.

முன்னுரை

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், மணிமருந்து என்று பட்டாசு ஆலைகளில் வழங்கும் தொடர்களில் அச்சொல் வெடிகலவையைக் குறிக்கும். அதே ஊரின் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் அச்சொல் சுக்கையும் திப்பிலியையும் அதிமதுரத்தையும் குறிக்கும். இது வெறும் சொல் ஒற்றுமை அன்று. வெடிகலவையின் அடிப்படைப் பொருள்களான வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவத்தின் சரக்குகளும் ஆகும். வெடியுப்பைச் சித்த மருத்துவம் இருபத்தைந்து காரசாரங்களுள் ஒன்றாகக் கொண்டு நீரடைப்புக்குப் பயன்படுத்துகிறது. கந்தகம் அறுபத்து நான்கு பாடாணங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. முறைப்படி சுத்தி செய்யாமல் இவற்றுள் எதையும் உள்ளுக்குக் கொடுத்தலாகாது என்பது அம்மரபின் முதல் விதி. ஒரே பொருள் ஆலையில் சுத்தியின்றித் தூசியாகவும், மருத்துவத்தில் சுத்திக்குப்பின் குன்றிமணி அளவிலும் நிற்பது இவ்வட்டாரத்தின் தனித்த நிலை.

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகியோர் 1923இல் அத்தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். பட்டாசும் அச்சும் அதன் வழியே வளர்ந்தன. மழை குறைந்த கரிசல் நிலத்தில் வேளாண்மையை மட்டும் நம்ப இயலாத குடும்பங்களின் பெண்கள் இவ்வாலைகளுக்கும், வீட்டிலிருந்தே செய்யும் பெட்டி ஒட்டும் வேலைக்கும் வந்தனர். சிவகாசி பற்றிய சமூக ஆய்வுகள் நீண்டகாலம் குழந்தைத் தொழிலாளர்மீதே கவனம் செலுத்தின. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இலும் 1996இலும் வழங்கிய தீர்ப்புகள் அக்கவனத்தின் விளைவே. குழந்தைகளைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்ட ஊரில், அக்குழந்தைகளைச் சுமந்தபடி அதே பலகைமுன் அமர்ந்திருந்த தாய்மாரின் உடல் அதே அளவு எழுதப்படவில்லை. அவர்கள் சூல்காலத்தில் எதை உட்கொண்டனர், யாருடைய சொல்லை நம்பி உட்கொண்டனர் என்ற கேள்வி மருத்துவ வரலாற்றுக்கும் உரியது. தொழில் வரலாற்றுக்கும் உரியது.

நூல் மரபில் மாதக் கணக்கு

சூல்மகளிர் மருத்துவத்தைத் தமிழ் மருத்துவ நூல்கள் தனி இயலாகவே வைத்துப் பேசுகின்றன. யாழ்ப்பாண மரபைச் சேர்ந்த பரராசசேகரம் கெர்ப்பரோகத்தையும் பாலரோகத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அந்நூலைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்ததால் அம்மரபு அச்சில் நிலைபெற்றது. தாயையும் பிள்ளையையும் ஒரே தொடராகக் கருதும் இப்பகுப்பை இன்றைய மகப்பேறு நலத் துறையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

இம்மரபின் உயிர்ப்பகுதி மாதப் பகுப்பு ஆகும். முதல் மாதத்தில் உதிரம் கண்டால் இன்னது, மூன்றாம் மாதத்தில் கண்டால் இன்னது என்று மாதந்தோறும் மருந்து மாறுகிறது. தாமரை, நெய்தற்கிழங்கு, சந்தனம், அதிமதுரம் போன்ற குளிர்ச்சிப் பொருள்கள் பாலுடன் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. கடும் பேதி மருந்து, கடுங்காரப் பொருள், நஞ்சுச் சரக்கு ஆகியன விலக்கப்படுகின்றன. வடமொழி மரபில் சரக, சுசுருத சங்கிதைகளும் மாதவாரியான சூல்கால ஒழுக்கத்தைக் கூறுவதால், இக்கணக்கு தென்னாட்டுக்கு மட்டும் உரியதெனக் கொள்வதற்கில்லை. ஆயினும் தமிழ் மரபு அதனை வீட்டுச் சரக்கோடும் வீட்டு அளவைகளோடும் இணைத்துக்கொண்டது.

அளவைகளைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். குன்றிமணி, பணவெடை, வராகனெடை, கழஞ்சு, பலம் என்பன நிறுத்தல். வெருகடி, பாலாடை, ஆழாக்கு, உழக்கு என்பன முகத்தலும் கையளவும். மெட்ரிக் முறை வந்தபின் சித்த மருத்துவ முறைநூல்கள் குன்றியை 130 மில்லிகிராம், பணவெடையை 488 மில்லிகிராம், வராகனெடையை 4.2 கிராம், பலத்தை 35 கிராம் எனப் பெயர்த்துக்கொண்டன. இப்பெயர்ப்பு மருந்து செய்வோர்க்கு உதவியது. வெருகடிக்கு அத்தகைய நிலைத்த எடை இல்லை. மூன்று விரல் கொள்ளும் பொடி என்பதே அதன் இலக்கணம். மெலிந்த பெண்ணுக்குக் கொடுப்பவர் தம் விரலைச் சற்று நெருக்கிக்கொள்வார் என்றால், அந்த நெருக்கமும் மருந்தின் ஒரு பகுதியே. பொதியில் அச்சிட இயலாத அறிவு இது.

நூல் விதித்த பொருள்கள் யாவும் எந்த அளவிலும் தீங்கற்றவை என்று கருதுவதும் பிழை. அதிமதுரம் நல்ல சான்று. பின்லாந்தில் அதிமதுர இனிப்பு பரவலாக உண்ணப்படுகிறது. அங்கு சூல்காலத்தில் அதனை மிகுதியாக உண்ட பெண்களிடம் பேறு சற்று முந்தியதை 2001இல் வெளிவந்த ஆய்வு சுட்டியது. அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் காரணமாகக் கருதப்பட்டது. பாலில் இழைத்த சிறுதுண்டு வேறு, நாள்தோறும் உண்ணும் இனிப்பு வேறு. பொருளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 'சித்தர் சொன்னது' என்று வாதிடுவோரும், 'ஆய்வு மறுத்தது' என்று வாதிடுவோரும் அளவு என்ற ஒன்றையே தவறவிடுகின்றனர்.

மருத்துவச்சியின் கணக்கு

நூல் மரபை ஆண் வைத்தியர் காத்தனர் என்றால், கை மரபைக் காத்தவர் மருத்துவச்சி. தென் மாவட்டங்களில் மட்டுமன்றித் தமிழகம் எங்கும் அறியப்பட்ட ஒரு வழக்கம் அவர் அறிவின் இயல்பைக் காட்டும். நிறைமாதத்தில் இடுப்புவலி தொடங்கினால் சீரகமோ சுக்கோ இட்ட கஷாயத்தைக் கொடுப்பர். பொய்வலியாயின் தணியும், மெய்வலியாயின் கூடும் என்பது கணக்கு. இங்குக் கஷாயம் மருந்தாக மட்டுமன்றிச் சோதனையாகவும் நிற்கிறது. அதே கஷாயத்தை ஐந்தாம் மாதத்து வலிக்கு அவர் கொடுக்கமாட்டார். சரக்கு ஒன்றே, மாதம் வேறானால் செயல் வேறு.

சிசிலியா வான் ஹாலன் 1990களில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கள ஆய்வு செய்து 2003இல் வெளியிட்ட 'பர்த் ஆன் தி திரெஷோல்டு' என்னும் நூல், மருத்துவமனைப் பேற்றில் வலியை விரைவுபடுத்தும் ஊசி பரவியதையும், வலியைச் சக்தியாகக் காணும் பெண்களின் கருத்துலகத்தையும் இணைத்து விளக்குகிறது. கஷாயத்தின் இடத்தில் ஊசி வந்தபோது வலி கூட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தொடர்ந்தது. காத்திருந்து பார்க்கும் சோதனை தொடர்ந்ததாகச் சொல்வது கடினம்.

மருத்துவச்சி மரபைப் பழுதற்ற பொற்காலமாகக் காட்டுவது வரலாறு ஆகாது. கலப்பைக்கிழங்கு எனவும் கண்வலிக்கிழங்கு எனவும் வழங்கும் செங்காந்தளின் கிழங்கை அரைத்துப் பூசிப் பேற்றை விரைவுபடுத்தும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. வடமொழியில் அதற்குக் கருவழிப்பது என்னும் பொருளுடைய பெயர்களே உண்டு. அக்கிழங்கில் உள்ள கோல்சிசின் உயிர்க்கொல்லி. புறப்பூச்சுக்கும் உட்கொள்ளலுக்கும் இடையே இருந்தது ஒரு கையின் கட்டுப்பாடு மட்டுமே. இன்று அச்செடி தமிழகத்தின் மாநில மலர். மேற்கு மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்யப்படும் பணப்பயிரும் கூட.

மேலும், மருத்துவச்சியின் அறிவு இரு முனையும் கூரானது. கருவைக் காக்க எதை விலக்க வேண்டும் என்று அறிந்தவர் கருவைக் கலைக்க எது உதவும் என்றும் அறிந்திருந்தார். கொடிவேலியும் எருக்கும் அவர் கையில் ஒரே நேரத்தில் விலக்குப் பட்டியலாகவும் வேண்டுவோர்க்கு வழியாகவும் இருந்தன. காலனிய அரசு அவரைக் காணத் தொடங்கியது இந்த இரண்டாம் முனையிலிருந்துதான்.

குற்றச் சான்றாக மூலிகை

நார்மன் செவர்சு 1856இல் வெளியிட்ட வங்காளத்துக்கான மருத்துவச் சட்ட நூல் கருக்கலைப்புக்குப் பயன்பட்ட தாவரங்களை விரிவாகப் பதிவு செய்தது. செங்கொடிவேலி வேர் அதில் முதன்மையான இடம் பெற்றது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் கருச்சிதைவை விளைவித்தலைக் குற்றமாக்கியது. தனக்குத் தானே அதனைச் செய்துகொள்ளும் பெண்ணும் அதில் அடங்குவார் என விளக்கமும் சேர்த்தது. இதற்குப்பின், ஒரு பெண்ணின் வீட்டில் கிடைக்கும் வேர்த்துண்டு மருந்தா சான்றா என்பதை முடிவு செய்பவர் காவலராகவும் உடற்கூறு மருத்துவராகவும் ஆயினர். எது தீங்கு என்று வெளிப்படையாகச் சொல்லுவதே ஐயத்துக்கு இடமாகும் சூழலில், 'இதை இந்த மாதத்தில் தொடாதே' என்ற எச்சரிக்கையும் தாழ்குரலுக்குள் சென்றது.

இதே காலத்தில் மற்றொரு போக்கும் இருந்தது. சென்னை இராணுவ மருத்துவர் ஒயிட்லா எய்ன்சிலி 1813இல் சென்னையில் அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களைப் பதிந்தார். மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் மோன்செல்லின் மகப்பேற்று நூலைப் 'பிரசவ வைத்தியம்' என 1857இல் தமிழில் கொணர்ந்தார். வேறிங்கின் இந்திய மருந்துநூலும் பின்னர் அவருடைய மேற்பார்வையில் 'இந்து பதார்த்த சாரம்' ஆயிற்று. பேற்றைப் பற்றிய ஒரு தமிழ் நூலும் நாட்டுச் சரக்கைப் பற்றிய ஒரு தமிழ் நூலும் ஒரே கையால் உருவான அரிய வாய்ப்பு அது.

சென்னை அரசு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு 1923இல் அறிக்கை அளித்தது. இந்திய மருத்துவப் பள்ளி அதன் விளைவு. குழுவின் அக்கறை பெரும்பாலும் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவை அறிவியலா, அவற்றைக் கற்பிப்பது எவ்வாறு, வைத்தியரைப் பதிவு செய்வது எவ்வாறு என்பவற்றைச் சுற்றியே இருந்தது. மூன்றாண்டு கழித்து 1926இல் சென்னை செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. அது மேலைமுறைப் பயிற்சி பெற்றோரைப் பதிவேட்டில் ஏற்றியது. ஆக, வைத்தியரின் நூலறிவுக்கு ஒரு பள்ளி கிடைத்தது. பயிற்சி பெற்ற தாதிக்கு ஒரு பதிவேடு கிடைத்தது. கரிசல் ஊர்களின் மருத்துவச்சி இரண்டிலும் இல்லை. மாதக் கணக்கைக் கையில் வைத்திருந்தவரை இரு அமைப்புகளும் ஒருசேர வெளியே நிறுத்தியது தற்செயல் என்று கொள்வது கடினம். எழுத்தறிவும் சாதிநிலையும் அந்த வாசலைக் காத்தன.

லேபிளின் மொழி

விடுதலைக்குப் பின்னர் இப்பொருள் மருந்துச் சந்தையின் சட்டங்களுக்குள் வருகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விளம்பரத்துக்கு விலக்கப்பட்டவற்றுள் கருச்சிதைவை விளைவித்தலையும் கருத்தடையையும் முதலில் வைக்கிறது. போலி மருந்தைத் தடுப்பதே நோக்கம், அந்நோக்கம் தவறன்று. 1964இன் திருத்தம் ஆயுர்வேத மருந்துகளை மருந்துச் சட்டத்தின் தனி இயலுக்குள் கொணர்ந்தபோது சித்தம் அதன் அடைப்புக்குறிக்குள் நின்றது. தனிப்பெயருடன் இடம்பெற 1982இன் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வியலின்கீழ் அமைந்த விதிகளுள் 161ஆம் விதி சிறப்பான கவனத்துக்குரியது. ஈ(1) அட்டவணையிலுள்ள நஞ்சுச் சரக்குகள் சேர்ந்த உள்மருந்தின் கொள்கலன்மீது, மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை தெளிவாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. எட்டி, அலரி, நேர்வாளம், சேராங்கொட்டை, கலப்பைக்கிழங்கு முதலியன சித்த மருந்துகளுக்கான அப்பட்டியலில் உள்ளன. மருத்துவச்சி விலக்கிய பொருள்கள் பலவும் இவ்வாறு அரசு ஆவணத்தில் ஏறின. எனினும் இரண்டு குறைகள் தெரிகின்றன. எச்சரிக்கைத் தொடர் சூல்காலத்தைத் தனியே சுட்டவில்லை. யாருக்கும் எந்நிலைக்கும் ஒரே வாசகம். அவ்வாசகம் இருக்க வேண்டிய மொழிகளாக விதி கூறுவன ஆங்கிலமும் இந்தியும்.

இந்த இரண்டாம் குறையைச் சிவகாசியிலிருந்து நோக்கும்போது அதன் முழு அளவு புலப்படும். இவ்வூரின் அச்சுத் தொழில் தீப்பெட்டி லேபிள் தேவையிலிருந்தே வளர்ந்தது. நாட்காட்டி, பட்டாசுப் பெட்டி, மருந்துப் பொதி எனப் பல மாநிலங்களின் பண்டங்களுக்கான பொதிகள் இங்கு அச்சாகின்றன. ஆக, பல மொழிகளில் எச்சரிக்கையை அச்சிடும் திறன் கொண்ட ஊரில், அதனைப் பெட்டியாக மடித்து ஒட்டும் பெண், தான் உட்கொள்ளும் தமிழ் மருந்தின் எச்சரிக்கையைத் தன் மொழியில் காணச் சட்ட உறுதி ஏதும் இல்லை. உற்பத்தியாளர் சிலர் தாமே தமிழிலும் அச்சிடுகின்றனர் என்பது அவர்தம் நல்லெண்ணம். விதியின் பயன் அன்று.

நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் தனிச்சரக்கு இவ்விதியின் கைக்குப் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. சதுரகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கும் விருதுநகர்ச் சந்தை வழி வரும் மளிகைச் சரக்கும் ஒரே தராசில் நிறுக்கப்படும் கடை அது. அங்கு வெந்தயம் உணவும் ஆகும், மருந்தும் ஆகும். உடற்சூட்டுக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. தாளிப்பில் சேரும் வெந்தயத்தால் தீங்கில்லை. மருந்தளவில் நாள்தோறும் உட்கொண்டால் கருப்பையைத் தூண்டக்கூடும் என்பதால் சூல்காலத்தில் அது தவிர்க்கப்பட வேண்டியதாகக் கருதப்படுகிறது. பப்பாளியின் நிலை இதற்கு மாறானது. போர்த்துக்கீசியர் வழி வந்த அக்கனிமீதான அச்சம் பொதுவாகக் கனி முழுவதையும் தழுவுகிறது. 2002இல் வெளிவந்த எலிகள்மீதான ஆய்வு, கனிந்த பழத்தையும் பால் வடியும் காயையும் பிரித்துக் காட்டியது; கருப்பையைச் சுருங்கச் செய்தது காயின் பாலே. ஒன்றில் மிகை நம்பிக்கை, மற்றொன்றில் மிகை அச்சம்.

ஆலையில் அமர்ந்த உடல்

மூலிகைப் பாதுகாப்பைப் பேசும் எழுத்துகள் யாவும் மருந்தைத் தவிர வேறெதுவும் சேராத ஓர் உடலைக் கற்பனை செய்துகொள்கின்றன. பட்டாசு ஆலையில் பணிபுரியும் பெண்ணின் உடல் அத்தகையதன்று. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றின் தூசியுடன் நெடுங்காலம் பேரியம் உப்புகளும் அச்சூழலில் இருந்தன. பேரியம் உப்புகளின் பயன்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்ததற்குக் காரணம் காற்று மாசு. வெடிப்பவர் சுவாசிக்கும் புகை வழக்காயிற்று. அடைப்பவர் கையில் படிந்த பொடி அவ்வழக்கின் மையம் ஆகவில்லை.

கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்கு. தீப்பெட்டித் தொழிலில் குரோஸ் கணக்கு. எண்ணிக்கைக் கூலியில் ஓய்வு என்பது இழப்பு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பேற்றுக்கு முன்னும் பின்னும் ஊதிய விடுப்பை உறுதி செய்தது. 2017இன் திருத்தம் அதனை 26 வாரமாக உயர்த்தியது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவமனையும் சிவகாசியில் உண்டு. ஆலைப் பதிவேட்டில் பெயருள்ள பெண்ணுக்கே இவை எளிதில் எட்டும். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுபவர்க்கும் குத்தகை முறையில் பணிபுரிபவர்க்கும், ஓய்வின் இடத்தைக் கைமருந்தே நிரப்புகிறது. இடுப்புவலிக்கு ஒரு கஷாயம், மலச்சிக்கலுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய், களைப்புக்கு ஒரு லேகியம். ஓய்வு தீர்க்க வேண்டிய வலியை மருந்து தீர்க்க முயலும்போது அளவு கூடுவதே இயல்பு.

இரத்தசோகை இதனுடன் சேர்கிறது. 2019–21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படித் தமிழகத்துச் சூல்மகளிருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உடையோர். இதற்குச் சித்த மருத்துவத்தின் புகழ்பெற்ற மருந்து இரும்புச் சேர்மமாகிய அன்னபேதியிலிருந்து செய்யும் செந்தூரம். அரசு மருத்துவமனையின் இரும்புச்சத்து மாத்திரையுடன் அதனையும் ஒருத்தி உட்கொண்டால் இரு மருத்துவரும் அறியாமலே இரும்பு இரட்டிப்பாகிறது. ஒருவர் கொடுப்பதை மற்றவர் கேட்பதில்லை என்பதே இங்குத் தீங்கின் வழி.

உலோக மருந்துகளில் ஐயத்துக்கு வேறு காரணமும் உண்டு. 2011–12இல் நியூயார்க் நகரில் இந்திய ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்ட சூல்மகளிர் அறுவரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை அந்நகர நலத்துறை கண்டறிந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கை அதனை 2012இல் வெளியிட்டது. அங்குச் சூல்மகளிர்க்கு ஈய அபாயம் பற்றிக் கேட்டறிந்து சோதிக்கும் வழக்கம் இருந்ததால் அது வெளிப்பட்டது. இந்தியாவில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் எதிர்விளைவுகளைப் பதியும் தேசியத் திட்டம் 2008இல்தான் தொடங்கியது.

சஞ்சீவிப் பெட்டகம்: மாதம் திரும்புதல்

2015இல் தமிழக அரசு அறிவித்த 'அம்மா மகப்பேறு சஞ்சீவி' திட்டம் பதினொரு சித்த மருந்துகளை ஒரு பெட்டகமாக்கி அரசு மருத்துவ நிலையங்கள் வழி வழங்க முற்பட்டது. மாதுளை மணப்பாகு, கறிவேப்பிலைப் பொடி, ஏலாதி சூரணம், நெல்லிக்காய் இளகம், பாவன பஞ்சாங்குல தைலம், குந்திரிகத் தைலம், உளுந்துத் தைலம், சௌபாக்கிய சுண்டி இளகம், சதாவரி இளகம், பிண்ட தைலம், உரைமாத்திரை என்பன அவை. அரசு நிறுவனமாகிய டாம்ப்கால் உருவாக்கிய இப்பெட்டகத்தின் பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. நூறாண்டுக்கு முன் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் மருந்துகளை விற்றதும் 'சஞ்சீவி' என்ற பெயரில்தான். சந்தையின் சொல் அரசின் சொல்லாயிற்று.

பெட்டகத்தின் உண்மையான புதுமை மருந்துகளில் இல்லை. அவற்றின் வரிசையில் உள்ளது. மசக்கைக்கு மாதுளை மணப்பாகு முன்மாதங்களில், தைலங்கள் கடைமாதங்களில், சுண்டியும் சதாவரியும் பேற்றுக்குப்பின், உரைமாத்திரை குழந்தைக்கு. சுக்கு முதன்மையாக உள்ள சௌபாக்கிய சுண்டியைப் பேற்றுக்குப்பின் வைத்தது மருத்துவச்சியின் கணக்கேயாகும். நூலிலும் கையிலும் இருந்து, லேபிளில் விடுபட்ட மாதம் இங்கு அரசுப் பெட்டகத்தின் வழியாகத் திரும்புகிறது.

பாவன பஞ்சாங்குல தைலம் இவ்வரிசையின் நுட்பத்தை வெளிப்படுத்தும். பஞ்சாங்குலம் என்பது ஐவிரல் இலை கொண்ட ஆமணக்கு. விளக்கெண்ணெய் பேற்றைத் தூண்டும் என்பது பல நாட்டாரும் அறிந்தது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலிலும் கருப்பையிலும் உள்ள இ.பி.3 என்னும் ஏற்பியின் வழியாகச் செயற்படுகிறது என்பதைச் செருமானிய ஆய்வாளர் 2012இல் எலிகளில் நிறுவினர். பேதியும் சுருக்கமும் ஒரே வாயிலால் நிகழ்வன என்பது இதனால் தெளிவாயிற்று. அவ்வாறாயின் மலச்சிக்கலுக்கு என்று நான்காம் மாதத்தில் எடுத்துக்கொள்ளும் விளக்கெண்ணெயும், நிறைமாதத்தில் மருத்துவர் அளந்து கொடுக்கும் தைலமும் பெயரால் உறவுடையவை, பாதுகாப்பால் அல்ல. பெட்டகத்திலுள்ள தைலக்குப்பியை வீட்டில் மற்றொரு சூலிக்கு எடுத்துக் கொடுத்தால், மருந்து அதுவே, மாதம் அதுவன்று.

இத்திட்டத்தைப் பற்றி இருபுறமும் எழுந்த விமர்சனங்களில் மேலைமருத்துவர் கேட்ட கேள்வி வலுவானது: சூல்மகளிரிடம் முறையான ஆய்வு நடத்தப்பட்ட பின்னரே ஒரு மருந்தைப் பெருமளவில் வழங்க வேண்டும். சித்த மருத்துவர் கூறும் மறுமொழி நீண்ட வழக்கு என்பதாகும். நீண்ட வழக்கு என்ற சான்று, அவ்வழக்கைக் காத்த நிபந்தனைகள் உடன்வந்தால் மட்டுமே செல்லும். மருத்துவச்சி பெண்ணின் வீட்டை அறிந்திருந்தார். அவள் செய்யும் வேலையை அறிந்திருந்தார். கொடுத்தபின் மறுநாள் வந்து பார்த்தார். பெட்டகத்தைக் கொடுப்பவர் அதே மூன்றையும் செய்ய வேண்டுமாயின், பொறுப்பு சித்த மருத்துவரிடமிருந்து கிராம சுகாதாரச் செவிலியரிடம் இறங்குகிறது. தமிழகத்தில் பேறுகள் ஏறத்தாழ முற்றிலும் மருத்துவமனைகளிலேயே நிகழும் நிலையில், சூலியின் மாதத்தைத் தவறாமல் எழுதி வைத்திருப்பவர் இன்று அவர்தாம். சிவகாசி வட்டாரத்தில் அவர் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். வீட்டில் என்ன மருந்து எடுத்துக்கொள்கிறாய் என்பது ஒன்று; ஆலையில் எந்த மருந்தில் வேலை என்பது மற்றொன்று.